மருத்துவ ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலைப் படிப்பது எப்படி?

"300 கட்டுரைகள், 10,000 மேற்கோள்கள், எச்-இன்டெக்ஸ் 48." ஒரு மருத்துவ ஆய்வாளரை இப்படி அறிமுகப்படுத்தினால் அதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது? நிறைய எழுதுகிறார், அவர் எழுதியதை மற்றவர்கள் நிறைய எடுத்துக்காட்டுகிறார்கள், அவ்வளவுதான். எச்-இன்டெக்ஸ் என்பது இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு எண், அதைக் கணக்கிடும் விதம் பின்னால் வருகிறது. அவர் எதைக் கண்டுபிடித்தார், அந்தக் கட்டுரைகளில் அவருடைய உழைப்பு எவ்வளவு, அந்த முடிவுகள் இன்றும் நிற்கின்றனவா என்பதற்கெல்லாம் இந்த மூன்று எண்களில் பதில் இல்லை. ஆனால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தரவுகளை வைத்தே இவற்றில் பெரும்பகுதியைத் தெரிந்துகொள்ளலாம்.

முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி தேடும் மாணவர்கள், தேர்வுக் குழுவில் முதல்முறையாக உட்காருபவர்கள், ஒரு ஆய்வாளரைப் பற்றிச் செய்தி எழுதப்போகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தனக்குச் சிகிச்சை தரப்போகும் மருத்துவரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புபவர்களும் படிக்கலாம். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். கட்டுரைப் பட்டியல் ஆய்வுப் பணியை மட்டுமே காட்டும். அறுவை சிகிச்சையில் ஒருவருடைய கை எவ்வளவு தேர்ந்தது, நோயாளி சொல்வதை அவர் எவ்வளவு பொறுமையாகக் கேட்பார் என்பதற்கும் மேற்கோள் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை.

ஆள் அவர்தானா என்று முதலில் பாருங்கள்

பலர் இந்த இடத்திலேயே சறுக்குகிறார்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேட எல்லோரும் போகும் இடம் பப்மெட். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இலவசத் தளம் அது. அதில் ஆசிரியர் பெயர் பெரும்பாலும் குடும்பப் பெயரும் இனிஷியலுமாகத்தான் இருக்கும். 2002க்கு முந்தைய கட்டுரைகளை முழுப் பெயரால் தேட முடியாது. வாங், கிம், சிங், குமார் போன்ற பெயர்களை ஒரு இனிஷியலோடு தேடினால் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்து விழும். அத்தனையும் ஒரே ஆளுடையவை அல்ல. எதிர்ப்பக்கமும் உண்டு. திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர், சில கட்டுரைகளில் ஒரு இனிஷியலும் சிலவற்றில் இரண்டும் போட்டவர் ஆகியோருடைய பட்டியல் இரண்டு மூன்றாகச் சிதறிக் கிடக்கும்.

இதற்காகத்தான் 2012இல் ஆர்கிட் எண் வந்தது. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்கத்தில் ஒரு எண். பெயர் மாறினாலும் வேலை செய்யும் இடம் மாறினாலும் அந்த எண் மாறாது. ஆய்வாளரின் நிறுவனப் பக்கத்திலோ சமீபத்திய கட்டுரையின் முதல் பக்கத்திலோ அது பெரும்பாலும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஆர்கிட் பக்கத்தைத் திறந்து, அங்குள்ள பட்டியலைப் பப்மெட் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆர்கிட் பக்கத்தை நிரப்புவது பெரும்பாலும் ஆய்வாளரே என்பதால் அது அரைகுறையாகவும் இருக்கலாம். எனவே பணியாற்றிய நிறுவனம், துறை, கூட எழுதியவர்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சரிபாருங்கள். இதய நோய் ஆய்வாளர் ஒருவருடைய பட்டியலில் திடீரென்று நெல் மரபியல் கட்டுரை வந்தால் அது வேறொருவருடையதாகத்தான் இருக்கும்.

எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி

மேற்கோள்களை எண்ணும் தளங்களான கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய மூன்றும் ஒரே ஆளுக்கு மூன்று வேறு எண்களைத் தரும். இதில் தவறு எதுவும் இல்லை. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, புத்தகம், ப்ரீபிரிண்ட் (இதழில் வருமுன் இணையத்தில் போடப்படும் வரைவு) எல்லாவற்றிலும் உள்ள மேற்கோள்களைச் சேர்த்துக்கொள்கிறது. மற்ற இரண்டும் தாங்கள் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களையும் தொகுப்புகளையும் மட்டும் எண்ணுகின்றன. அதனால் கூகுள் ஸ்காலர் எண்தான் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். ஒருவருக்கு ஸ்காலர் எண்ணையும் இன்னொருவருக்கு ஸ்கோபஸ் எண்ணையும் எடுத்து ஒப்பிட்டால் அந்த ஒப்பீடு செல்லாது. எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று குறித்துக்கொண்டே தொடங்குங்கள்.

பப்மெட் கட்டுரைகளைத் தேடுவதற்கான இடம். அங்கே தெரியும் மேற்கோள் விவரம் முழுமையானதல்ல, அதை எண்ணிக்கைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

கூகுள் ஸ்காலரில் ஒரு சிறு விஷயத்தைக் கவனியுங்கள். சில கட்டுரைகளின் மேற்கோள் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். அந்தப் பக்கத்தின் சொந்தக்காரர் பல பதிவுகளை ஒன்றாக இணைத்திருக்கிறார், வேறு கட்டுரைகளின் மேற்கோள்களும் அதில் கலந்திருக்கலாம் என்று அதற்குப் பொருள். பட்டியல் தானாகவே புதுப்பிக்கப்படுவதால் அடுத்தவருடைய கட்டுரைகளும் உள்ளே வந்துவிடுவது உண்டு. ஏமாற்றும் எண்ணம் இல்லாமலே இது நடக்கும்.

கட்டுரைகளை வகை பிரியுங்கள்

ஒரு கட்டுரை என்று எண்ணப்படுவது பல ஆண்டுகள் நடந்த மருத்துவச் சோதனையாக இருக்கலாம். இதழ் ஆசிரியருக்கு எழுதிய அரைப் பக்கக் கடிதமாகவும் இருக்கலாம். பப்மெட்டில் தேடல் முடிவுகளுக்குப் பக்கத்தில் வகைவாரியாகப் பிரிக்கும் வசதி உண்டு. சமவாய்ப்புச் சோதனை (நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிப்பது), முறைசார் மீளாய்வு (ஒரு கேள்விக்கான ஆய்வுகளை விதிப்படி தேடித் தொகுப்பது), பொது மீளாய்வு, தனிநோயாளி அறிக்கை, கடிதம், தலையங்கம் என்று பிரித்துப் பாருங்கள். முந்நூறில் நூற்றைம்பது கடிதங்களும் கருத்துரைகளும் என்று தெரிந்தால் படமே மாறிவிடும். கடிதம் எழுதுவது குற்றமல்ல. ஒரு சோதனையில் உள்ள ஓட்டையைச் சுட்டிக்காட்டும் நல்ல கடிதத்தால் நோயாளிகளுக்கு நன்மையே. ஆனால் அதைச் சோதனை நடத்திய உழைப்போடு ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது.

மீளாய்வுக் கட்டுரைகளைத் தனியாக வையுங்கள். ஏற்கெனவே உள்ள ஆய்வுகளைத் தொகுத்து எழுதுவதால், அடுத்தவர்கள் முன்னுரையில் எடுத்துக்காட்ட அவை வசதியானவை. பொதுவாக மூலக் கட்டுரைகளைவிட அவை அதிக மேற்கோள் பெறும்.

ஆசிரியர் வரிசையில் அவர் எங்கே நிற்கிறார்?

எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான படி. மருத்துவக் கட்டுரைகளில் பெயர் வரிசைக்குப் பொருள் உண்டு. முதலில் இருப்பவர் பெரும்பாலும் வேலையைச் செய்து எழுதியவர். கடைசியில் இருப்பவர் ஆய்வுக்குழுவின் தலைவர், பணமும் பொறுப்பும் அவருடையவை. நடுவில் உள்ளவர்களில் சிலர் பெரும் உழைப்பைத் தந்திருப்பார்கள், சிலர் மாதிரிகளை அனுப்பி வைத்ததோடு சரி. எல்லாத் துறைகளிலும் இப்படியல்ல. கணிதத்தில் அகர வரிசையில் பெயர் போடுவார்கள். அதனால் ஒரு துறைப் பழக்கத்தை இன்னொன்றில் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

பட்டியலை எடுத்து முதல் ஆசிரியராக உள்ளவை, கடைசி ஆசிரியராக உள்ளவை, நடுவில் உள்ளவை என்று மூன்றாகப் பிரியுங்கள். பப்மெட்டில் முதல் ஆசிரியரையும் கடைசி ஆசிரியரையும் தனித்தனியாகத் தேட முடியும். அப்புறம் கட்டுரையின் முதல் பக்க அடிக்குறிப்பையும் படியுங்கள். "இந்த இருவரும் சமமாகப் பங்களித்தனர்" என்று எழுதியிருந்தால் இரண்டாவது பெயரும் முதல் பெயர்தான். கட்டுரையின் கடைசியில் "ஆசிரியர் பங்களிப்பு" என்று ஒரு சிறு பத்தி இருக்கும். திட்டமிட்டவர் யார், தரவு திரட்டியவர் யார், புள்ளியியல் செய்தவர் யார், முதல் வரைவு எழுதியவர் யார் என்று அங்கே இனிஷியலோடு போட்டிருப்பார்கள். பத்துப் பேர் கொண்ட ஒரு கட்டுரையில் நீங்கள் தேடும் ஆளின் இனிஷியல் "இறுதி வரைவைப் படித்து ஒப்புதல் அளித்தனர்" என்ற வரியில் மட்டும் வருகிறது என்று வையுங்கள். அந்தக் கட்டுரையின் மேற்கோள்களில் அவருக்கு எவ்வளவு பங்கு என்று அந்த ஒரு வரியே சொல்லிவிடும்.

ஒருவரைக் கட்டுரை ஆசிரியராகப் போட, மருத்துவ ஆய்விதழ்களை நடத்தும் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது. ஆய்வின் திட்டத்திலோ தரவு திரட்டுவதிலோ அதை அலசுவதிலோ கணிசமான பங்கு, வரைவு எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரை முழுவதற்கும் பொறுப்பேற்பது. நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். பணம் வாங்கித் தந்ததோ துறைத் தலைவராக இருந்ததோ மட்டும் போதாது. விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் மரியாதைக்காகப் பெயர் சேர்க்கும் வழக்கம் போகவில்லை. இரவும் பகலும் வேலை செய்த இளம் ஆய்வாளருக்குச் சேர வேண்டிய இடத்தை இது பறிக்கிறது. சாதாரண விஷயமாக இதை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

2018இல் நேச்சர் இதழில், ஆய்வுகளின் நம்பகத்தன்மையை ஆராய்ந்து வரும் ஜான் அயோனிடிஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆண்டுக்கு 72க்கு மேல் கட்டுரை வெளியிட்டவர்களைத் தேடிப் பார்த்தார்கள். அதாவது ஐந்து நாளைக்கு ஒரு கட்டுரை. அப்படிப்பட்டவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். பெரிய கூட்டு ஆய்வுகளில் பெயர் வருவதும் ஒரு காரணம். எனவே இப்படி ஒரு எண்ணைப் பார்த்தவுடன் சந்தேகப்பட வேண்டியதில்லை. பங்களிப்புப் பத்தியைப் படித்தால் போதும்.

எச்-இன்டெக்ஸை நீங்களே ஒருமுறை கணக்கிடுங்கள்

2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவுகோல் இது. ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்கு வரிசையில் அடுக்குங்கள். குறைந்தது ஐந்து மேற்கோள் பெற்ற கட்டுரைகள் ஐந்து இருந்து, குறைந்தது ஆறு மேற்கோள் பெற்றவை ஆறு இல்லையென்றால் அவருடைய எச்-இன்டெக்ஸ் 5.

கையால் ஒருமுறை செய்து பார்த்தால்தான் இதன் குறை புரியும். ஒருவருக்கு எட்டுக் கட்டுரைகள், மேற்கோள்கள் 90, 40, 22, 9, 6, 5, 3, 1. ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், ஆறாவதற்கு 5தான். எனவே எச்-இன்டெக்ஸ் 5. இன்னொருவருக்கு ஆறு கட்டுரைகள், 12, 11, 8, 7, 5, 5. இவருக்கும் 5. முதலாமவருக்கு மொத்தம் 176 மேற்கோள், இரண்டாமவருக்கு 48. முதலாமவரின் முதல் கட்டுரைக்கு 90 மேற்கோளுக்குப் பதில் 900 வந்தாலும் எச்-இன்டெக்ஸ் அசையாது. ஒரு பெரிய கண்டுபிடிப்பை இந்த எண் கண்டுகொள்வதில்லை.

இன்னும் இரண்டு குறைகள். எச்-இன்டெக்ஸ் ஏறுமே தவிர இறங்காது. பத்தாண்டுகளாக ஆய்வு செய்யாதவருக்கும் அது மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரையும் ஐந்து ஆண்டு ஆனவரையும் இதை வைத்து ஒப்பிட முடியாது. அதோடு, முதல் ஆசிரியரா, நடுவில் நாற்பதாவது ஆளா என்று அது பார்ப்பதில்லை. கூகுள் ஸ்காலர் கூடவே காட்டும் ஐ10-இன்டெக்ஸ், பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் எத்தனை என்பது மட்டும்தான். மேலே உள்ள இருவருக்கும் முறையே 3, 2.

ஒரே துறை, ஒரே ஆண்டு என்று ஒப்பிடுங்கள்

புற்றுநோய் ஆய்வில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள், மேற்கோள்களும் மளமளவென்று சேரும். அரிய மரபணு நோய் ஒன்றைப் பற்றி உலகம் முழுவதும் சில குழுக்கள்தான் எழுதும். அங்கே 60 மேற்கோள் என்பது அந்தத் துறையே படித்துவிட்டது என்று பொருள்படலாம். இந்த வேறுபாட்டைச் சரிசெய்ய இரண்டு அளவுகோல்கள் உள்ளன. ஸ்கோபஸில் துறைச் சராசரியோடு ஒப்பிடும் எண் கிடைக்கும், 1 என்றால் உலகச் சராசரி. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஐசைட் தளம் இலவசம். கட்டுரைகளுக்குப் பப்மெட் தரும் அடையாள எண்களை அதில் கொடுத்தால் ஒவ்வொரு கட்டுரைக்கும் சார்பு மேற்கோள் விகிதம் தரும். அந்த நிறுவனங்களின் நிதியில் வந்த கட்டுரைகளின் இடைநிலை 1.0 என்று வைத்துத் துறையையும் ஆண்டையும் கணக்கில் எடுத்துச் சொல்லும் எண் அது. சென்ற ஆண்டு வந்த கட்டுரைகளுக்கு இந்த எண்களை நம்ப வேண்டாம், மேற்கோள் சேரவே நேரம் வேண்டும்.

இம்பாக்ட் ஃபேக்டர் ஆய்விதழுக்கான அளவு, ஆளுக்கானது அல்ல. ஒரு இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. இதழின் சில கட்டுரைகளே பெரும்பகுதி மேற்கோளை வாரிக்கொள்ளும், மற்றவை அந்தச் சராசரிக்குக் கீழேயே கிடக்கும். பெரிய இதழில் வந்ததாலேயே ஒரு கட்டுரை பெரிதாகிவிடாது. ஆய்வாளர்களை மதிப்பிட இந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2013இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனமே கேட்டுக்கொண்டது. பணி உயர்வுப் படிவங்களில் இன்னும் அந்தக் கட்டம் இருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

"உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்" என்ற பட்டியலையும் அடிக்கடி காண்பீர்கள். அயோனிடிஸ் குழு தயாரிப்பது அது, ஸ்கோபஸ் தரவிலிருந்து. தனியாசிரியர், முதல் ஆசிரியர், கடைசி ஆசிரியர் என்ற இடங்களைக் கணக்கில் எடுப்பது அதன் நல்ல பக்கம். ஆனால் வாழ்நாள் முழுவதற்கும் ஒரு பட்டியல், ஒரே ஆண்டுக்கு ஒரு பட்டியல் என்று இரண்டு உண்டு. அறிவிப்புகளில் எது என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மூலக் கோப்பு பொதுவெளியில் இருக்கிறது. அதைத் திறந்து, தன் கட்டுரைகளைத் தானே மேற்கோள் காட்டியவை எத்தனை சதவீதம் என்ற பத்தியையும் பாருங்கள்.

மேற்கோள் காட்டியவர் என்ன சொல்கிறார்?

அதிகம் மேற்கோள் பெற்ற மூன்று கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மேற்கோள் காட்டிய நாலைந்து கட்டுரைகளைத் திறந்து அந்த வாக்கியத்தைத் தேடிப் படியுங்கள். "இந்த முறையைப் பின்பற்றினோம்", "இவர்கள் கண்டதை நாங்களும் கண்டோம்", "இந்த முடிவை எங்களால் மீண்டும் பெற முடியவில்லை" ஆகிய மூன்றுக்கும் எண்ணிக்கையில் மதிப்பு ஒன்றுதான்.

ஆலிவர் லௌரி 1951இல் புரத அளவைக் கண்டறியும் முறை ஒன்றை வெளியிட்டார். அந்தக் கட்டுரை 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள் பெற்றது. ஆய்வகத்தில் பயன்படும் முறை என்பதால் பயன்படுத்திய எல்லோரும் குறிப்பிட்டார்கள். இன்னொரு பக்கம் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரை, லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வெறும் 12 குழந்தைகளை வைத்துத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டது. 2010இல் லான்செட் அது செல்லாது என்று அறிவித்துத் திரும்பப் பெற்றது. அதுவும் ஆயிரத்துக்கு மேல் மேற்கோள் பெற்றிருக்கிறது, பெரும்பாலும் மறுப்பதற்காக. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு வேக்ஃபீல்ட் பெரிய ஆய்வாளராகத் தெரிவார். தடுப்பூசி போடாமல் விடப்பட்ட குழந்தைகளை நினைத்தால் இந்த ஒரு படியைத் தவிர்க்கவே கூடாது என்று தோன்றுகிறது.

குறைந்த எண்ணும் ஏமாற்றும். கத்தாலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் மாற்றியமைத்த ஆர்என்ஏ பற்றி 2005இல் எழுதிய கட்டுரை அப்போது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. எம்ஆர்என்ஏ வகைக் கொரோனா தடுப்பூசிகளுக்கு அதுவே அடித்தளமானது, 2023இல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். ஆகவே மேற்கோள் குறைவாக உள்ள முதல் ஆசிரியர் கட்டுரை ஒன்றையாவது முழுமையாகப் படியுங்கள்.

திரும்பப் பெறப்பட்டவை, திருத்தப்பட்டவை

ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள், இலவசம்தான். பப்மெட்டிலும் திரும்பப் பெறப்பட்ட கட்டுரையின் மேலேயே அறிவிப்பு இருக்கும். ஒன்று இருந்தாலே ஆள் மோசம் என்று முடிவு கட்டாதீர்கள். தன் கணக்கில் பிழை கண்டு தானே திரும்பப் பெற்றவர் நேர்மையானவர். காரணத்தைப் படியுங்கள். 2020 மே 22 அன்று லான்செட்டில், கொரோனா நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து கொடுப்பது பற்றி ஒரு கட்டுரை வந்தது, 96,000 நோயாளிகளின் தரவு என்றார்கள். அந்தத் தரவைச் சுதந்திரமாகச் சரிபார்க்க வழியில்லாததால் ஜூன் 4 அன்றே அது திரும்பப் பெறப்பட்டது. தரவைத் தந்தது சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனம். பெரிய இதழ் என்ற முத்திரை இங்கே யாரையும் காப்பாற்றவில்லை.

மருத்துவச் சோதனை நடத்தியவர் என்றால், சோதனை தொடங்குமுன் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்தாரா, பதிவில் சொன்ன முதன்மை விளைவைத்தான் (முக்கியமாக எதை அளக்கப்போவதாகச் சொன்னாரோ அதைத்தான்) கட்டுரையிலும் சொன்னாரா என்று ஒப்பிடுங்கள். பதிவு எண் பெரும்பாலும் கட்டுரைச் சுருக்கத்தின் கடைசியில் இருக்கும்.

நோயாளி வரை போய்ச் சேர்ந்ததா?

ஒரு மருத்துவ ஆய்வின் தாக்கத்தைச் சிகிச்சை வழிகாட்டு நெறிகளிலும், சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரன் அமைப்பின் மீளாய்வுகளிலும் தேடுங்கள். பிரிட்டனின் ரெக்கவரி சோதனையில், வென்டிலேட்டரில் இருந்து வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற கொரோனா நோயாளிகளில் 28 நாளில் இறந்தவர்கள் 41.4 சதவீதம். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் கொடுக்கப்பட்டவர்களில் அது 29.3 சதவீதம். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்பதையும் அதே கட்டுரை சொன்னது. 2020 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறையில் அந்த மருந்து இடம்பெற்றது. கட்டுரை ஒரு கூட்டுக்குழுவின் பெயரில் வந்தது. நோயாளிகளைச் சேர்த்த மருத்துவர்கள் பலருடைய பெயர் பப்மெட்டில் கூட்டுப் பணியாளர் பட்டியலில்தான் இருக்கும், ஆசிரியர் தேடலில் சிக்காது. ஐசைட்டிலும், ஒரு கட்டுரையை மருத்துவச் சோதனைகள் போன்ற சிகிச்சை சார்ந்த கட்டுரைகள் எத்தனை மேற்கோள் காட்டியிருக்கின்றன என்று தனியாக ஒரு எண் உண்டு.

எழுதி வைப்பது

கண்டதை ஒரு பத்தியில் எழுதுங்கள், பின்னால் வேறொருவர் சரிபார்க்கும்படி. எடுத்துக்காட்டாக: "ஸ்கோபஸ், மார்ச் 3 நிலவரம். 112 பதிவுகள், அதில் 61 மூல ஆய்வுகள், 19 மீளாய்வுகள், மீதி கடிதங்களும் தலையங்கங்களும். மூல ஆய்வுகளில் 14இல் முதல் ஆசிரியர், 20இல் கடைசி ஆசிரியர். அதிக மேற்கோள் பெற்ற கட்டுரையில் நடுவில் இருக்கிறார், பங்கு தரவு திரட்டல். கடைசி ஆசிரியராக எழுதிய சிறுநீரகச் சோதனையின் முடிவை வேறு இரண்டு குழுக்கள் உறுதிசெய்துள்ளன, ஒரு வழிகாட்டு நெறி எடுத்துக்கொண்டுள்ளது. திரும்பப் பெற்றவை இல்லை, ஒரு திருத்தம் உண்டு, அட்டவணைப் பிழை." எச்-இன்டெக்ஸைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் கடைசியில், முதல் கட்டுரை வந்த ஆண்டோடு சேர்த்து எழுதுங்கள். நிதி யார் தந்தார்கள், மருந்து நிறுவனத் தொடர்பு உண்டா என்பது பெரும்பாலும் கட்டுரையின் கடைசியில் இருக்கும், அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். ஆறு மாதம் கழித்து இந்தப் பத்தியைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், அன்றைக்குத் திரும்பப் பெற்றவற்றின் தேடலை மட்டுமாவது இன்னொரு முறை நடத்திவிடுங்கள்.